தராசின் முள் யாரைப் பார்க்கிறது? ஊருக்குள் உட்கார்ந்து அதிகாரத்தைப் படிக்க ஒரு வழி

தங்கை மகள் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு கட்டு நோட்ஸோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். "பெரியம்மா, அதிகாரம்னா என்னன்னு ஏழு பேரு ஏழு விதமாச் சொல்லியிருக்காங்க. எதை எழுத?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். வெபருக்கு இரண்டு வரி, கிராம்ஷிக்கு மூன்று வரி, ஃபூக்கோவுக்கு ஒரு பக்கம். ஒரு வரி கூடத் தப்பில்லை. ஒரு வரி கூட அவளுக்குப் புரிந்திருக்கவில்லை.

நானும் நாற்பது வயதுக்கு மேல் தபாலில் பாடம் வாங்கிப் படித்தவள்தான். பகலில் அரசு நடுநிலைப் பள்ளியில் டீச்சர், ராத்திரி மாணவி. அப்போது எனக்கும் இதே கதிதான். அதனால் நோட்ஸை மூடி வைத்துவிட்டு, "உன் பாட்டி வேலை பார்த்த அண்டி ஆபீஸில் தராசு எங்கே இருந்தது தெரியுமா?" என்று கேட்டேன். முழித்தாள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்று ஏன் சொன்னார்களோ, அங்கே வேலை பார்த்த பெண்களில் ஒருத்திக்கும் நாற்காலி கிடையாது.

அம்மா பருப்பின் மேல்தொலி உரிக்கிற பகுதியில் இருந்தாள். கூலி கிலோ கணக்கு. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்குக் குறைவு. சாயங்காலம் எடை போட வரிசையில் நிற்க வேண்டும். தராசு ஒரு படி உயரத்தில், மேசை மேல் இருக்கும். முள் எடை போடுகிறவரைப் பார்த்து இருக்கும். கீழே நிற்கிறவளுக்குத் தெரிவது தராசின் முதுகு. அவர் சொல்வது எடை, அவர் எழுதுவது கணக்கு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சேலை முந்தானையில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருப்பாள், டப்பா ஒன்றுக்கு ஒரு முடிச்சு. சனிக்கிழமை கூலி வாங்கி வந்து தரையில் உட்கார்ந்து முடிச்சுகளை எண்ணுவாள். கூலிக்கும் முடிச்சுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. "முடிச்சு பொய் சொல்லாது மக்களே" என்பாள். மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திங்கள்கிழமை திரும்பவும் அதே வரிசையில் நிற்பாள்.

இந்த ஒரு தராசை வைத்துக்கொண்டு அந்த ஏழு பேரையும் படித்துவிடலாம். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஓர் இடத்தைப் பிடியுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் ஒரு சின்ன இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரேஷன் கடை, மீன் ஏலம் போடுகிற கடற்கரை, ரப்பர் ஷீட் எடுக்கிற கடை, நூறு நாள் வேலை நடக்கிற சானல் கரை, கோயில் கமிட்டிக் கூட்டம், எதுவானாலும் சரி. கலெக்டர் ஆபீஸுக்குப் போகாதீர்கள். பெரிய இடத்தில் அதிகாரம் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும், அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சில்லறை கைமாறுகிற இடமாகப் பாருங்கள்.

மூன்று நாளாவது போய் நில்லுங்கள். கருத்து எதையும் எழுத வேண்டாம். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்? யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாரை 'அண்ணாச்சி' என்கிறார், யாரை 'ஏ' என்கிறார்? எந்தப் பொருள் யாரைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது? யாருடைய நேரம் காத்திருப்பில் போகிறது? இவ்வளவு போதும். மொபைலில் படம் எடுக்காதீர்கள். படம் எடுத்த நிமிஷத்திலிருந்து எல்லோரும் உங்களுக்காக நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரை இங்கேயே முடித்துவிடலாம். மற்றவர் எதிர்த்தாலும் தன் விருப்பத்தை நடத்திக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகாரம் என்றார் அவர். அதோடு, ஜனங்கள் அதை நியாயம் என்று ஏற்றுக்கொள்வதற்கு மூன்று காரணம் சொன்னார்: வழிவழி வந்த வழக்கம், தலைவர் ஒருவரின் தனிக் கவர்ச்சி, சட்டமும் விதிமுறையும். உங்கள் இடத்தில் இதில் எது ஓடுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே ஆளிடம் மூன்றும் கலந்துதான் இருக்கும்.

பேசப்படாததை எழுதுவது

1961இல் ராபர்ட் டால் என்ற அமெரிக்கர் நியூ ஹேவன் நகரத்தை ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்: ஊரில் தகராறு வந்த விஷயங்களை எடுத்து, கடைசியில் யார் சொன்னது நடந்தது என்று பார், ஆளுகிறவர் யார் என்று தெரிந்துவிடும். மறுவருஷமே பீட்டர் பாக்ரக்கும் மார்ட்டன் பாரட்ஸும் அதை மறுத்து எழுதினார்கள். தகராறே வராமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரம்தானே என்பது அவர்கள் கேள்வி. 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் இன்னொரு படி போனார்: தனக்கு ஒரு குறை இருக்கிறது என்றே ஒருவருக்குத் தோன்றாதபடி அவருடைய எண்ணத்தையே வளைத்துவிட்டால், அதைவிடப் பெரிய அதிகாரம் எது?

இதைப் பழகிப் பார்க்கக் கிராம சபையைப் போல வசதியான இடம் வேறில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நாள் முன்பே தெரியும், யாரும் உங்களைத் தடுக்க முடியாது. போய் உட்காருங்கள். எந்தத் தீர்மானம் நிறைவேறியது, யார் எதிர்த்தார்கள் என்று எழுதினால் அது டால். அதை எல்லோரும் எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது கொஞ்சம் சிரமம். கூட்டம் கலைந்ததும் சாயாக்கடைக்குப் போங்கள். அங்கே பேசுகிறதில் கூட்டத்தில் வராதது எது என்று பாருங்கள். எங்கள் வார்டில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையை ஒருவர் தன் விளையின் (தோப்பின்) வேலியைத் தள்ளிப் போட்டுச் சுருக்கிவிட்டார். பெட்டியைத் தூக்குகிறவர்கள் ஒருக்களித்து நடக்க வேண்டும். சாயாக்கடையில் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. நான் பார்த்த ஆறு கிராம சபையில் ஒன்றில் கூட அது பொருளாக வரவில்லை. ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் சபையில பேசுற விஷயமா டீச்சர்?" என்றார். அந்தப் பதிலை அப்படியே நோட்டில் எழுதினேன். அது பாக்ரக், பாரட்ஸ்.

மூன்றாவதில் கவனமாக இருங்கள். 'இவர்களுக்குத் தங்கள் நன்மையே தெரியவில்லை' என்று எழுதுவது ரொம்பச் சுலபம், ருசியாகவும் இருக்கும். நான் என் அம்மாவைப் பற்றி ஒருகாலத்தில் அப்படித்தான் எழுதினேன்: 'சுரண்டலை இயல்பென்று ஏற்றுக்கொண்டவர்.' பரீட்சைத் தாளில் மார்க்கும் விழுந்தது. முந்தானை முடிச்சு அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. தெரியாமல் இருந்தவள் எதற்கு எண்ணியிருப்பாள்? லூக்ஸின் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் 'தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா' என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பழமொழிகளைச் சேர்த்து வையுங்கள்

இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்ஷியை 1926இல் முசோலினியின் அரசு பிடித்துச் சிறையில் போட்டது. 1929 முதல் 1935 வரை உள்ளே இருந்தபடி நோட்டு நோட்டாக எழுதினார். 1937இல் இறந்தார். போலீஸும் பட்டாளமும் மட்டும் வைத்து எவரும் நெடுநாள் ஆள முடியாது, ஆளப்படுகிறவர்களின் சம்மதமும் வேண்டும், அந்தச் சம்மதம் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் பத்திரிகையிலும் குடும்பத்திலும் தயாராகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இதற்கு ஹெஜிமனி என்று பெயர். மேலாண்மை என்று தமிழில் எழுதுகிறார்கள். சிலர் மேலாதிக்கம் என்கிறார்கள்.

பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்றும் அவரிடம் இருக்கிறது. ஜனங்களின் பொதுப்புத்தி ஒரே சீராக இருக்காது, பழையதும் புதியதும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிறதும் அதில் சேர்ந்தே கிடக்கும் என்றார். இதைப் பார்க்க ஒரு வழி: உங்கள் இடத்தில் ஜனங்கள் வாயில் வருகிற பழமொழிகளை ஒரு மாதம் குறித்து வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, சானலில் தண்ணீர் முறை மாறிப் போன கதையைச் சொல்லும்போது 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்று முடிப்பார். அதே பாட்டி அதே வாரம் பெண்கள் குழுக் கூட்டத்தில் 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்றார். எது அவருடைய கருத்து? இரண்டும்தான். எப்போது எது வெளியே வருகிறது, யார் முன்னால் வருகிறது என்பதைக் குறித்தால் கிராம்ஷி உங்கள் கைக்குள் வந்துவிடுவார்.

படிவத்தை வாசிப்பது: ஃபூக்கோ

தங்கை மகளின் நோட்ஸில் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தவர் மிஷேல் ஃபூக்கோ. 1926இல் பிறந்து 1984இல் இறந்த பிரெஞ்சுக்காரர். சிறை பற்றி 1975இல் அவர் எழுதிய நூல், 1757இல் பாரிஸில் அரசரைக் கத்தியால் குத்திக் கொல்ல முயன்ற ஒருவரைக் கூட்டத்துக்கு நடுவே சித்திரவதை செய்து கொன்றதோடு தொடங்கும். அடுத்து எண்பது வருஷம் கழித்து எழுதப்பட்ட ஒரு சிறுவர் சிறையின் நேர அட்டவணை வரும். எப்போது எழ வேண்டும், எப்போது ஜெபம், எப்போது வேலை. ரத்தம் இல்லை, அடி இல்லை, மணிதான் அடிக்கிறது. தண்டனை மென்மையானது என்று இதைப் படிக்கக் கூடாது. ஆளுகிற முறை மாறிவிட்டது என்று படிக்க வேண்டும் என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்த எனக்கு அந்த அட்டவணையை வாசிக்கும்போது உடம்பு கூசியது.

அவர் சொன்னதில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது 'அறிவும் அதிகாரமும்' என்கிற இணை. 'படித்தவனிடம் அதிகாரம் இருக்கும்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதைச் சொல்ல ஃபூக்கோ தேவையில்லை, என் பாட்டியே சொல்வார். அவர் சொன்னது, மனிதர்களைப் பற்றிய அறிவு உண்டாகிற விதத்திலேயே அதிகாரம் இருக்கிறது என்பது. எண்ணுவது, வகைப்படுத்துவது, பதிவு செய்வது இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் படம் பிடிக்கிற வேலை மாதிரித் தோன்றும். ஆனால் அந்த வேலை புதுவகை ஆட்களையே உண்டாக்கிவிடும்.

எனக்கு இது புரிந்தது 2011 பிப்ரவரியில். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு டீச்சர்களை அனுப்பினார்கள். 9ஆம் தேதி முதல் 28 வரை வீடு வீடாக ஏறினேன். படிவத்தில் வேலை பற்றிய கேள்வி உண்டு: கடந்த வருஷத்தில் ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை செய்தவர் ஒரு வகை, மூன்று மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் செய்தவர் இன்னொரு வகை, மூன்று மாதத்துக்கும் குறைவாகச் செய்தவர் மூன்றாவது, செய்யாதவர் நான்காவது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்டிப்பருப்புத் தொலி உரித்தபடியே பதில் சொன்னாள். "நீ என்ன வேலை பாக்குற?" என்றேன். "வேலை ஒண்ணும் இல்ல டீச்சர், சும்மாதான் இருக்கேன்" என்றாள். கை நிற்கவே இல்லை. நானும் 'வேலை செய்யாதவர்' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அண்டி ஆபீஸ்காரியின் மகள் நான். எனக்கே மூன்றாம் நாள்தான் உறைத்தது. பெண்கள் வேலையைத் தூண்டித் துருவிக் கேட்க வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள். திரும்பிப் போய்ச் சில வீடுகளில் திருத்தினேன், எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, நானும் பொய் எழுதவில்லை. சம்பளப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் வேலை என்று பதிவேடு பார்க்கிற கண்ணால் அவள் தன்னையே பார்த்துப் பழகிவிட்டாள். ஃபூக்கோ சொல்வது இந்த இடம்.

ஆகவே பயிற்சி இது. உங்கள் இடத்தில் புழங்குகிற ஒரு படிவத்தை வாங்குங்கள். ரேஷன் கார்டு விண்ணப்பம், வருமானச் சான்று, பள்ளிச் சேர்க்கை, எதுவும். எந்தக் கட்டங்கள் இருக்கின்றன? எதற்குக் கட்டமே இல்லை? அதை நிரப்பிக் கொடுத்த பிறகு அந்த ஆள் என்னவாக மாறுகிறார்: 'பயனாளி', 'வறுமைக்கோட்டுக்குக் கீழ்', 'இதர'? அந்தப் பெயரை அவரே தன்னைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்துகிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் இரண்டு கோடு போடுங்கள்.

கட்டத்தை ஜனங்கள் திருப்பிப் பிடித்ததும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே வெகுதூரம் போயிருந்தன. எத்தனை பேரைக் காணோம் என்பதே பெரிய தகராறாகிவிட்டது. கடற்கரைக் கிராமங்களில் பங்குக் கோயில் (தேவாலயம்) வழியாகப் பெயர் பெயராகப் பட்டியல் எழுதினார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எண்ணுகிற வேலை அரசாங்கத்தின் வேலை என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். இங்கே தேடு என்று கேட்பதற்கே முதலில் எண்ண வேண்டியிருந்தது.

எதிர்ப்பை எழுதும்போது அவசரம் வேண்டாம்

'அதிகாரம் இருக்கும் இடத்தில் எதிர்ப்பும் இருக்கும்' என்று ஃபூக்கோ 1976இல் எழுதினார். எல்லா விடைத்தாளிலும் இந்த வரி இருக்கும். அந்த எதிர்ப்பு எப்படி இருக்கும் என்று காட்ட, ஊருக்குள் போய் உட்கார்ந்தவர் ஜேம்ஸ் ஸ்காட். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளைகிற கிராமத்தில் 1978 முதல் 1980 வரை இருந்தார். அறுவடை இயந்திரம் வந்து ஏழைகளின் கூலி போன காலம். ஊர்வலம் இல்லை, கொடி இல்லை. ஆனால் வேலையை மெதுவாகச் செய்வது, தெரியாத மாதிரி இருப்பது, கொஞ்சம் எடுத்துக்கொள்வது, பணக்காரருக்குப் பட்டப்பெயர் வைப்பது, புறம் பேசுவது என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருந்தது. 1985இல் அதை எழுதினார். பிறகு, எஜமானர் முன்னால் பேசுகிற பேச்சு வேறு, அவர் முதுகுக்குப் பின்னால் பேசுகிற மறைவுப் பேச்சு வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

அம்மாவின் அண்டி ஆபீஸில் எடை போடுகிறவருக்கு 'விரலன்' என்று பெயர். தட்டில் விரலை வைத்து அழுத்துவார் என்று பெண்களுக்குச் சந்தேகம். அவர் வருகிற சத்தம் கேட்டதும் ஒருத்தி இருமுவாள், பேச்சு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறிவிடும். வாசலில் சோதனை உண்டு. சோதனையைத் தாண்டிப் பருப்பு எப்படி வெளியே வந்தது என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அந்த ஆபீஸ் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, இருந்தாலும் எழுத மாட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மறைத்து வைத்திருப்பதால்தான் அது அவர்களுக்குப் பயன்படுகிறது. உங்கள் மார்க்குக்காக ஒருவருடைய ஒளிவிடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினால், நீங்கள் தராசுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்காட்டைப் படித்ததும் பார்க்கிறதெல்லாம் எதிர்ப்பாகத் தெரியும். பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் எதிர்ப்பு, அக்கா குழம்பில் உப்பைக் கூட்டினால் எதிர்ப்பு. லைலா அபு-லுகோத் 1990இல் இதற்கு ஒரு நல்ல மருந்து கொடுத்தார். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் பெதுயின் பெண்களோடு வாழ்ந்தவர் அவர். எதிர்ப்பைக் கொண்டாடுவதை விட்டுவிட்டு, அது எங்கே முளைக்கிறது என்பதை வைத்து அங்கே என்ன வகை அதிகாரம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்றார். அங்கே இளம்பெண்கள் கடையில் விற்கிற அலங்காரப் பொருள்களை ஆசையாக வாங்கிப் பெரியவர்களை மீறுகிறார்கள். அதே வழியில் புதிய சந்தை ஒன்றின் பிடிக்குள் போகிறார்கள் என்றும் காட்டினார். வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போன என் மாணவிகளை நினைத்துக்கொண்டேன். வீட்டில் அப்பாவின் சொல்லைத் தாண்டியவர்கள்தான். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி எத்தனை வருஷம் போனது என்றும் கேட்க வேண்டும்.

நம் ஊர் வரலாற்றில் ஒரு பயிற்சி

தோளில் சீலை போடும் உரிமைக்காகச் சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'சாணார் பெண்கள் போராடினார்கள், 1859இல் வென்றார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் மேலே படித்தது எல்லாம் வீண். 1829 பிப்ரவரியில், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடும் உரிமை இவர்களுக்கு இல்லை என்றது. அதற்கு முன்பே கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போட அனுமதி இருந்தது. மிஷனரிகளுக்கும் அது போதும் என்றிருந்தது. பெண்கள் அதோடு நிற்கவில்லை. உடம்பை மூடுவது மட்டும் அவர்கள் நோக்கமாக இருந்தால் குப்பாயத்தோடு கதை முடிந்திருக்கும். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரியேதான் வேண்டும் என்றார்கள். அப்படியானால் ராஜாவோடு மட்டுமா, தங்களுக்கு ஆதரவாக நின்ற மிஷனோடும் வாதாடியிருக்கிறார்கள்.

1859 ஜூலை 26இல் வந்த அறிவிப்பு அனுமதி கொடுத்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்தது. அந்த அறிவிப்பை ஒரு படிவத்தை வாசிக்கிற மாதிரி வாசியுங்கள். எந்தக் கட்டத்தைத் திறந்தது, எந்தக் கட்டத்தைப் பூட்டி வைத்தது?

அப்புறம், இந்தக் கதை நமக்கு யார் வழியாக வந்தது? மிஷன் கடிதங்கள், அரசு ஆவணங்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி தன் வாயால் சொன்னது எங்கே? காயத்ரி ஸ்பிவாக் என்கிற இந்திய அறிஞர் 1988இல் கேட்டது இதை ஒட்டிய கேள்விதான்: அடித்தளத்தில் இருப்பவர் பேச முடியுமா, பேசினால் கேட்கிற காது இருக்கிறதா? 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இந்தப் போராட்டம் வருகிற பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. அப்போது புத்தகத்தைக் கிழிக்கவில்லை, தடை என்ற சொல் இல்லை. தேர்வில் வராது என்றால் வகுப்பறையில் அதற்கு என்ன கதி என்று எந்த டீச்சரையும் கேளுங்கள். பாக்ரக்கும் பாரட்ஸும் இதைப் பார்த்திருந்தால் தங்கள் கட்டுரையிலேயே சேர்த்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோட்பாடு பிரான்ஸிலிருந்து வரும், உதாரணம் நாம் கொடுக்க வேண்டும் என்பது ஒரு பழக்கமாகிவிட்டது. நானும் இதுவரை அதைத்தான் செய்திருக்கிறேன். சுவாமித்தோப்புக்குப் போய்ப் பாருங்கள். அய்யா வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1851 வரை வாழ்ந்தவர். திருவிதாங்கூர் மன்னரைக் கலிநீசன் (கலியுகத்தின் இழிந்தவன்) என்றவர், அந்த அரசாலேயே சிறை வைக்கப்பட்டவர். தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாதிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றார். இன்றைக்கும் அப்படியேதான் வருகிறார்கள். அய்யா வழியினரின் சிறு கோயிலான நிழல்தாங்கலில் கும்பிடுகிற இடத்தில் கண்ணாடி இருக்கும். கும்பிட நிற்கிறவர் தன்னையே பார்க்கிறார். பார்க்கப்படுகிறவராக மட்டும் இருந்தவர் பார்க்கிறவராகவும் ஆகிறார். கைதியை இருந்த இடத்திலிருந்தே கண்காணிக்கிற கோபுரத்தை ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேயர் வரைந்ததிலிருந்து ஃபூக்கோ ஒரு கோட்பாடு எடுத்தார். கண்ணாடியிலிருந்தும் ஒன்று எடுக்கலாம். இதை உதாரணப் பட்டியலில் போடாமல் சிந்தனையாளர் வரிசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆய்வு நூல்கள் வேண்டுமென்றால் பாரிஸுக்கு முன்னால் நம் கடற்கரையில் தொடங்குங்கள். கல்பனா ராம் மீனவச் சமூகமான முக்குவர் பெண்களைப் பற்றி 1991இலும், அஜந்தா சுப்பிரமணியன் மீனவர் உரிமைகளைப் பற்றி 2009இலும் எழுதியவை இந்த மாவட்டத்தை வைத்தே எழுதப்பட்டவை. இரண்டையும் படித்த பிறகு ஃபூக்கோவைத் திறந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

கடைசியில் உங்கள் பக்கம் திருப்புங்கள்

பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர், பேச்சு, உடுப்பு, ரசனை எல்லாமே ஒருவகை மூலதனம் என்றார். வீட்டிலிருந்து கிடைக்காதவர் தன்னிடம்தான் குறை என்று நம்பிவிடுவதைக் குறியீட்டு வன்முறை என்றார். தங்கை மகளிடம், "சென்னையில போன்ல பேசும்போது நீ எந்தச் சொல்லை எல்லாம் மாத்துற?" என்று கேட்டேன். யோசித்து ஒரு நீளமான பட்டியல் சொன்னாள், 'சாயா'வில் ஆரம்பித்து. பூர்தியு அதோடு முடிந்தார்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். காலையில் கரையில் வலை இழுக்கக் கூட நின்றுவிட்டு வருவான், மேலில் மீன் வாடை இருக்கும். நான் அவனை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். காற்று வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருகைப் பதிவேடு என் கையில், இடம் ஒதுக்குவது என் கையில், 'பின்தங்கிய மாணவன்' என்று எழுதுவதும் என் கையில். அம்மா பார்த்த தராசின் முதுகை அவன் என்னிடம் பார்த்திருப்பான். நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்: இந்த இடத்தில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன்? எழுதக் கை வராது. எழுதுங்கள்.

தங்கை மகள் பரீட்சை முடிந்ததும் நோட்டோடு ஒரு ரப்பர் ஷீட் கடைக்குப் போய் மூன்று நாள் நின்றாள். திரும்பி வந்து பக்கத்தைக் காட்டினாள். இப்போது மின்தராசு. எண் இரண்டு பக்கமும் தெரிகிறது, விற்கிறவரும் பார்க்கலாம், யாரும் விரல் வைக்க முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "இருங்க பெரியம்மா, அடுத்த வரியையும் படிங்க" என்றாள். ஷீட் என்ன தரம், ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்று முடிவு செய்வது கடைக்காரர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொல்கிறார், விற்க வந்தவர் தலையாட்டுகிறார். இவள் கேட்டிருக்கிறாள்: "அண்ணாச்சி, தரம் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" அவர் சிரித்துவிட்டு, "அது பாத்தாலே தெரியும் மக்களே" என்றிருக்கிறார்.

அந்த 'பாத்தாலே தெரியும்' கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.